உயிர் காத்தால் மட்டும் போதுமா?
ஒடிசா கடற்கரை தரும் பாடம்

1999 அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசாவின் பாரதீப் அருகே கரையைக் கடந்த பெரும்புயல் ஏறத்தாழ 10,000 பேரின் உயிரைப் பறித்தது. ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எரசமா வட்டாரத்தில் பொங்கியெழுந்த கடல்நீர் ஊர்களை வாரிச் சென்றது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2019 மே 3-ஆம் நாள் ஃபானி புயல் பூரி அருகே கரையைக் கடந்தது. அப்போது சுமார் 12 இலட்சம் மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மாநிலத்தில் உயிரிழந்தோர் தொகை 64.

இரு புயல்களும் வலிமையில் ஒத்தவையல்ல. எனினும், உயிரிழப்பு இந்த அளவுக்குக் குறைந்ததற்கு இடைக்காலத்தில் நடந்த பணிகளே முதன்மையான காரணம். 1999 இறுதியிலேயே இடர் மேலாண்மைக்கென மாநிலத்தில் தனி அமைப்பு நிறுவப்பட்டது. கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. ஊர்தோறும் தொண்டர்கள் பயிற்சி பெற்றனர். வானிலைத் துறையின் முன்னறிவிப்புகளும் துல்லியம் பெற்றன.

ஆனால், அதே ஃபானி புயலால் ஒடிசாவுக்கு நேர்ந்த சேதமும் இழப்பும் ரூ. 24,000 கோடிக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. வீடும் தென்னையும் படகும் வலையும் அழிந்தன. உயிர் தப்பிய ஏழை மீண்டும் கடனாளியாகவே வீடு திரும்புகிறான் எனில், இடர் பாதிதான் குறைந்துள்ளது என்று கொள்ள வேண்டும்.

இரு வேறு பாதைகள்

இடர் மேலாண்மை 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகத்தைச் சார்ந்து நடைபெறுகிறது. பருவநிலை மாற்றத்திற்கேற்பத் தகவமைத்துக் கொள்ளும் பணி, 2008-ஆம் ஆண்டின் தேசியச் செயல்திட்டத்தைத் தொடர்ந்து, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வழியே ஒருங்கிணைக்கப்படுகிறது. உலக அளவிலும் இதே நிலைதான். 2015-ஆம் ஆண்டில் மட்டும் மார்ச்சில் செண்டாய் இடர் குறைப்புச் செயல்வரைவு, செப்டம்பரில் நீடித்த வளர்ச்சி இலக்குகள், டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தம் என மூன்று உடன்பாடுகள் தனித்தனியே உருவாயின.

கடலோர உழவனுக்கு இப்பாகுபாடு பொருளற்றது. கடல் மட்டம் உயர்ந்தால் அதே வலிமையுள்ள புயலின் அலையும் மேலும் உள்ளே புகும். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான ஈரத்தைத் தாங்கும். மழை பெய்யும்போது அது கொட்டித் தீர்க்கும். சென்ற காலத்து வெள்ள அளவைக் கணக்கிட்டு எழுப்பிய கரை வருங்கால வெள்ளத்தைத் தடுக்கப் போதாமற் போகலாம். ஆகவே, இவ்விரு துறைகளும் ஒரே கணக்கின் இரு பகுதிகள் எனலாம்.

ஒரு நெல் விதையின் பயன்

இணைப்பு எவ்வாறு பயன் தரும் என்பதற்கு நெல் விதை ஒன்றே சான்று. வெள்ளத்தில் மூழ்கியும் அழியாத நாட்டு நெல் ஒன்று ஒடிசாவில் வழக்கில் இருந்தது. அதன் வழிவந்த பண்பைப் புகழ்பெற்ற ‘சுவர்ணா’ நெல்லுடன் சேர்த்து உருவாக்கிய ‘சுவர்ணா சப்-1’ 2009-இல் வெளியிடப்பட்டது. இது சுமார் இரண்டு வாரம் நீரில் மூழ்கியிருந்தாலும் பிழைத்து வளரும். வெள்ளமில்லாத ஆண்டிலும் விளைச்சல் குறைவதில்லை.

இவ்விதையைப் பற்றி ஒடிசாவில் நடந்த கள ஆய்வு குறிப்பிடத்தக்க உண்மை ஒன்றை வெளிப்படுத்தியது. வெள்ளம் தேங்கும் தாழ்ந்த நிலங்கள் பெரும்பாலும் பட்டியல் சாதியினரிடமே இருந்தமையால், விதையின் பயன் அவர்களுக்கே மிகுதியாகக் கிட்டியது. தகவமைப்பு, இடர் குறைப்பு, சமூக நீதி ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே விதையில் கூடின.

அலையாத்திக் காடுகளும் இத்தகையனவே. 1999 புயலின்போது கேந்திரபாரா மாவட்டத்தில் கடலுக்கும் ஊருக்கும் இடையே அகன்ற அலையாத்திக் காடு நின்ற கிராமங்களில் உயிரிழப்பு குறைந்தது என்பதை ஆய்வாளர்கள் பின்னர் நிறுவினர். இக்காடுகள் மீனும் நண்டும் பெருக இடந்தருகின்றன. கரியமில வாயுவையும் தேக்கி வைக்கின்றன.

நீதியின் உரைகல்

அதே மாவட்டத்தில் சதபாயா பகுதியின் ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடலுள் மறைந்தன. எஞ்சிய குடும்பங்கள் பாகபாட்டியா என்னுமிடத்தில் குடியமர்த்தப்பட்டன. புயலிலிருந்து அவர்களைக் காத்தமை பாராட்டத்தக்கதே. ஆயினும், வீட்டுமனை பெற்றவர்கள் இழந்த விளைநிலத்திற்கு ஈடாக வேறு நிலம் பெறவில்லை. ஆகவே ஆடவர் பலர் பிழைப்புத் தேடித் தொலைதூர மாநிலங்களுக்குச் செல்கின்றனர். இல்லம் மாறியபோது தொழிலும் உடன் மாறவேண்டும் என்பது திட்டத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

வாரத்துக்குப் பயிரிடுவோர் நிலையும் இதைப் போன்றதே. எழுத்து வடிவ ஒப்பந்தம் இல்லாதவர், நிவாரணமோ பயிர்க் காப்பீடோ கோரும்போது தாமே பயிரிட்டதை மெய்ப்பிக்க இயலாமல் தவிக்கின்றனர்.

செய்ய வேண்டுவன

பதினைந்தாவது நிதிக்குழு, 2021-26 காலத்திற்கு மாநில இடர் மேலாண்மை நிதியாக ரூ. 1,60,153 கோடியைப் பரிந்துரைத்து, அதில் 20 விழுக்காட்டை இடர் தணிப்புக்கெனத் தனியே வகுத்தது. சேதத்திற்குப் பின் வழங்குவதோடு, சேதத்திற்கு முன் தடுக்கவும் செலவிடலாம் என்னும் கொள்கைக்கு இது வழி திறந்தது. இத்தகைய நிதி பருவநிலைச் செயல்திட்டங்களோடு மாவட்ட அளவில் ஒரே பட்டியலாக இணைக்கப்படுதல் வேண்டும். கரை, சாலை, பள்ளி ஆகியவற்றின் வடிவமைப்பில் வருங்கால மழையும் கடல் மட்டமும் கணக்கிடப்பட வேண்டும். ஒவ்வொரு திட்டத்திற்கும் ஒப்புதல் வழங்குமுன், நிலமற்றவருக்கும் மீனவப் பெண்டிருக்கும் அது என்ன தரும் என்ற வினா எழுப்பப்பட வேண்டும்.

பேரிடரில் உயிர் காக்கும் கலையை ஒடிசா கற்றுக்கொண்டுவிட்டது. தப்பிய உயிர் மீண்டும் வாழ்வதற்கான வழியைப் புயலுக்கு முன்பே அமைத்து வைப்பதே இனி எஞ்சியுள்ள கடமையாகும்.