நாவா சேவாவில் ஊர் கூடி இழுத்த தேர்

போன மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, வணிகவியல் படிக்கும் ஒரு இளைஞர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மாமா, அரசாங்கமும் தனியாரும் கைகோத்தால் வளரும் நாடுகளும் உலக வர்த்தகத்தில் முன்னுக்கு வரலாம் என்று பாடத்தில் வருகிறது. நீங்கள் துறைமுக வேலையில் தலை நரைத்தவர். இது நிஜமா, வெறும் பேச்சா?" என்று கேட்டார்.

நின்ற நிலையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல அது. ஆகவே எழுதுகிறேன்.

இடம் மாறிய இரண்டு எண்கள்

1992ஆம் ஆண்டு. நான் பம்பாயில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் குமாஸ்தா. தாராவியில் தோல் பை தைக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் சரக்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். ஷிப்பிங் பில்லை டைப் அடித்தவன் நான். மொத்த எடையில் இரண்டு எண்களை இடம் மாற்றி அடித்துவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது.

அதைத் திருத்த ஒரு கடிதம், அதன்மேல் ஒரு குறிப்பு, பிறகு மேஜை மேஜையாகக் கையெழுத்து. மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலில் ஏற்றுவதற்குள், வங்கியின் கடன் உறுதிக் கடிதத்தில் குறித்திருந்த கெடு தாண்டிவிட்டது. வாங்குபவர் விலையைக் குறைத்தால்தான் சரக்கை எடுப்பேன் என்றார். அண்ணாச்சி குறைத்துக்கொடுத்தார். என்னை அவர் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். "தம்பி, நாங்க பை தைக்கப் பதினஞ்சு நாளு. ஒங்க பேப்பருக்குப் பத்து நாளா?" என்று மட்டும் கேட்டார்.

உலக வர்த்தகம் பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான். தாமதம் பெரிய கம்பெனிக்கு ஒரு செலவுக் கணக்கு. சிறிய பட்டறைக்கோ அது அந்த வருஷத்து லாபம் முழுவதும். பொருளை நன்றாகச் செய்தால் மட்டும் போதாது. துறைமுகமும் காகிதமும் ஓடவேண்டும்.

எதிர்க்கரையில் ஒரு பரிசோதனை

அந்த நாட்களில் நம் துறைமுகங்களில் கப்பல்கள் இடத்துக்காகக் காத்துக் கிடப்பது சகஜம். நம் ஏற்றுமதிப் பெட்டிகளில் பல, சிறு கப்பலில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறின. மும்பைக் கடலின் எதிர்க்கரையில், நாவா சேவாவில், ஜவஹர்லால் நேரு துறைமுகம் 1989இல் திறக்கப்பட்டது. அரசு கட்டியது, அரசே நடத்தியது. பெட்டிகள் பெருகிய வேகத்துக்கு அது மட்டும் போதவில்லை.

1997இல் ஒரு புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. பி அண்ட் ஓ நிறுவனத்தின் தலைமையிலான குழு தன் சொந்தப் பணத்தில் 600 மீட்டர் நீளத்தில் கப்பல் துறை கட்டி, பளுதூக்கிகளை வாங்கி, 30 ஆண்டுகள் நடத்தும். நிலம் துறைமுகத்துடையது. கையாளும் ஒவ்வொரு பெட்டிக்கும் துறைமுகத்துக்கு ஒரு தொகை கட்டவேண்டும். கெடு முடிந்தால் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும். இந்தியாவில் தனியார் நடத்திய முதல் கண்டெய்னர் முனையம் அதுதான். 1999இல் வேலை தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே துறைமுகத்தின் சொந்த முனையத்தைவிட அதிகப் பெட்டிகளைக் கையாண்டது.

பக்கத்திலேயே போட்டி வந்ததும் பழைய முனையத்திலும் சுறுசுறுப்பு வந்ததை நாங்கள் கண்ணாரக் கண்டோம். 2006இல் மூன்றாவது முனையம் வந்தது. அதில் மேர்ஸ்க் குழுமத்துடன் மத்திய அரசு நிறுவனமான கான்கார் 26 சதவீதப் பங்காளி. 2018இல் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் முனையம் திறக்கப்பட்டது. 2022இல் துறைமுகம் தன் சொந்தக் கண்டெய்னர் முனையத்தையும் தனியாரிடம் விட்டு, நிலச் சொந்தக்காரராக மட்டும் ஒதுங்கிக்கொண்டது. 2023-24இல் இங்கே கையாளப்பட்டவை, 20 அடிப் பெட்டிக் கணக்கில், சுமார் 64 லட்சம்.

முட்டுக்கட்டை போடுகிறவரும் வேண்டும்

இத்துடன் நிறுத்தினால் கதை பாதிதான். நம் ஊர்த் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் தேர் வீதி திரும்பும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட நாலு பேர் இல்லாவிட்டால், தேர் வீட்டுக்குள் புகுந்துவிடும்.

துறைமுகத்தில் அந்த வேலை கட்டண ஆணையத்துக்கு. முனையக்காரர் இஷ்டத்துக்கு வசூலிக்காமலிருக்க, பெருந்துறைமுகங்களுக்கான அந்த ஆணையத்தை அரசு 1997இல் அமைத்தது. அப்படியும் சிக்கல் வந்தது. ஏலத்தில் பெட்டிக்கு அதிகத் தொகை தருவதாகச் சொன்னவருக்கே முனையம் கிடைத்தது. அந்தத் தொகையைச் செலவாகக் காட்டிக் கட்டணத்தில் ஏற்றலாமா, கூடாதா என்று வழக்காடினார்கள். ஏற்ற அனுமதித்தால் அரசுக்குப் போகும் பணம் ஏற்றுமதியாளர் பையிலிருந்து வரும். மறுத்தால் முனையக்காரர் கையைப் பிசைவார். பின்னால் வந்த ஒப்பந்தங்களில் வருமானத்தில் பங்கு என்று முறையை மாற்றினார்கள். அந்த ஆணையமும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்து, கட்டண அதிகாரம் துறைமுகங்களிடம் போய்விட்டது. முட்டுக்கட்டை இப்போது யார் கையில் என்று கவனிப்பது நம்மைப்போன்ற வாடிக்கையாளரின் கடமை.

இன்னொரு கணக்கும் உண்டு. நவி மும்பைக்காக நிலம் எடுத்தபோது, நியாயமான ஈடு கேட்டு 1984 ஜனவரியில் ஜாசை பக்கம் தி.பா. பாட்டீல் தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் உயிர் விட்டார்கள். எடுத்த நிலத்துக்கு ஈடாகப் 12.5 சதவீதம் மனை திருப்பித் தரும் ஏற்பாடு அந்தப் போராட்டத்தின் பலன். நாவா சேவாவின் பெட்டிகளை எண்ணும்போது அந்த ஐந்து பேரையும் எண்ணவேண்டும். கூட்டு முயற்சி என்றால் கூட்டாளிகள் இருவரல்லர், மூவர்: அரசு, தனியார், அந்த மண்ணின் மக்கள்.

காகிதமும் ஓடத் தொடங்கியது

துறைமுகம் சரியானாலும், அன்று என்னைக் கவிழ்த்தது காகிதம்தானே! உலக வர்த்தக நிறுவனத்தின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2013 டிசம்பரில் பாலியில் முடிவாகி, 2017 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. சுங்கக் காகிதங்களை எளிதாக்குவதே அதன் நோக்கம். வளரும் நாடுகள் எதை உடனே செய்யலாம், எதற்கு அவகாசம் வேண்டும், எதற்கு உதவியும் வேண்டும் என்று தாங்களே சொல்லிக்கொள்ள அதில் இடமிருக்கிறது. இதற்குத் துணையாக, பணக்கார நாடுகள் சிலவற்றின் நிதியில், சர்வதேச வணிகச் சபை போன்ற அமைப்புகள் சேர்ந்து 2015இல் ஒரு உலகக் கூட்டணியைத் தொடங்கின. சுங்க அதிகாரியையும் சரக்கு அனுப்புகிறவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, எந்த இடத்தில் முடிச்சு என்று பார்த்து அவிழ்ப்பது அதன் வேலை.

நம் நாட்டிலும் 2016இல் இறக்குமதிக்கு ஒற்றைச் சாளர முறை வந்தது. அதே ஆண்டு, மத்திய அரசும் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனமும் சம பங்கில் தொடங்கிய நிறுவனம், நாவா சேவாவில் பெட்டிகளுக்கு மின்னணு அடையாள வில்லை ஒட்டியது. பெட்டி எங்கே நிற்கிறது என்று சரக்குக்காரர் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அன்று அண்ணாச்சி எங்கள் அலுவலக வாசலில் காத்திருந்தது அதே தகவலுக்காகத்தான்.

ஆகவே அந்த இளைஞருக்கு என் பதில்: நிஜம்தான் தம்பி, ஆனால் தானாக நடப்பதில்லை. ஒப்பந்தம் ஒழுங்காக எழுதப்பட்டு, முட்டுக்கட்டை பிடிக்க ஆள் இருந்து, நிலம் கொடுத்தவனுக்கும் பங்கு போனால் நிஜம். இதில் ஒன்று குறைந்தாலும் லாபம் சிலருக்கும் சுமை பலருக்கும் என்று முடியும்.

நம்மில் சிறு தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்றுமதிக்கு வேண்டிய குறியீட்டு எண்ணை இன்று வீட்டிலிருந்தே வாங்கலாம். முழுப் பெட்டி நிரப்பச் சரக்கில்லாவிட்டால் பிறரோடு பெட்டியைப் பகிரலாம். வாங்குபவர் ஏமாற்றினால் ஈடுகட்ட அரசின் ஏற்றுமதிக் கடன் காப்புறுதி இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள், சங்கத்தில் ஞாயிறு மாலைகளில் நான் இருப்பேன். பத்திரங்களை எடுத்துவந்தால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். எடையை மட்டும் இரண்டு தடவை சரிபார்ப்பேன்!