பொன் எடுக்கும் கைகள்

பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தருவதாகக் கூவிக்கொண்டு தெருவில் வண்டி தள்ளி வந்தவரை நம்மில் வயது முதிர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓட்டை விழுந்த குடத்தையும் கைப்பிடி போன வாணலியையும் அவர் நிறுத்து வாங்கிப் போன பிறகு அவை எங்கே போயின என்று நாம் விசாரித்ததில்லை; விசாரிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை; ஏனெனில் பித்தளை பித்தளையாகவே உருகி, மறுபடி ஒரு குடமாகவோ குத்துவிளக்காகவோ யாரேனும் ஒருவர் வீட்டுக்கு வந்து சேரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இன்று அதே வண்டியில் செயலிழந்த கைபேசியும் தொலைக்காட்சிப் பெட்டியும் கணினியும் ஏறிக் காயலான் கடைக்குப் போகின்றன. இவற்றின் பிற்காலம் அவ்வளவு சுலபமானதன்று.

ஒரு கைபேசியைப் பிரித்துப் பார்த்தால் உலோக சாஸ்திரத்தின் பாதியை அதற்குள் காணலாம். மின்சாரம் ஓடும் பாதைகளுக்குச் செம்பு, அப்பாதைகள் ஒன்றையொன்று தொடும் முனைகளில், ஈரக் காற்று பட்டாலும் களிம்பேறக் கூடாது என்பதற்காக மெல்லிய பொன் முலாம், உதிரிகளை மின்சுற்றுப் போர்டில் பற்றவைக்க வெள்ளீயம், பழைய சாதனங்களானால் அதனோடு ஈயமும், கடுகளவே உள்ள உதிரிகளுக்குள் டாண்டலமும் பல்லேடியமும், பேட்டரியில் லித்தியமும் கோபால்ட்டும், திரையில் இண்டியம், ஒலிபெருக்கியின் காந்தத்தில் நியோடிமியம். இவை யாவும் பிளாஸ்டிக்கோடும் கண்ணாடியோடும் பிசினோடும் பிரிக்க முடியாதபடி பிணைந்து கிடக்கின்றன.

பொன் இதில் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். பத்து லட்சம் கைபேசிகளில் சுமார் 34 கிலோ பொன்னும் 350 கிலோ வெள்ளியும் 16 டன் செம்பும் உண்டு என்று ஒரு கணக்கு சொல்கிறது. அதாவது ஒரு சவரன் பொன்னுக்கு ஏறக்குறைய 240 கைபேசிகள் வேண்டும். இது அற்பமாகத் தோன்றுமானால் கோலாரை நினைத்துக்கொள்ள வேண்டும். வட ஆற்காடு முதலிய தமிழ் ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போன தொழிலாளர்கள், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறை வெடிப்புக்கும் சிலிக்கா தூசிக்கும் தேகத்தைக் கொடுத்து உழைத்த அந்தச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டபோது, ஒரு டன் பாறையை அரைத்தால் கிடைத்த பொன் சில கிராம்தான். பேட்டரி நீங்கலாக ஒரு டன் கைபேசியிலோ அது ஏறக்குறைய 300 கிராம். நம் வீட்டு மேஜை அறைகளில் உறங்கும் பழைய கைபேசிகள் எந்தச் சுரங்கத்தையும் விட வளமான தாது என்று சொல்வதில் மிகை இல்லை. ஆயினும், 2022-ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில், முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதமே.

எஞ்சியதில் ஒரு பகுதி எப்படிப் போகிறது என்பதை அறிய உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்துக்குப் போக வேண்டும். பித்தளை நகரம் என்று பெயர் பெற்ற ஊர் அது. உலோகத்தை உருக்கவும் கழுவவும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கைகள் அங்கே உண்டு. டில்லி சீலம்பூரின் சந்துகளில் கணினிகளையும் கைபேசிகளையும் உடைத்துத் தனித்தனியாகப் பிரித்த பிறகு, போர்டுகள் மூட்டை மூட்டையாக இந்த ஊருக்கு வருகின்றன. அடுப்பின் மேல் போர்டைக் காய்ச்சிப் பற்றாசு இளகியதும் தட்டி உதிரிகளைக் கழற்றுகிறார்கள். பின்பு போர்டைக் கொளுத்தி, சாம்பலை இடித்து, நீரில் அலசி, கனமாகத் தங்கும் செம்பைச் சேர்க்கிறார்கள். பொன் பூசிய துண்டுகளைத் திராவகத்தில் இடுகிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் சேர்ந்தால், உலோகங்களுக்கெல்லாம் அரசனான பொன்னையே கரைக்கும் இராஜ திராவகமாகும். அந்தத் திராவகத்தின் செந்நிற ஆவியும், தீப்பிடிக்காமலிருக்கப் போர்டில் கலந்த புரோமின் சேர்மங்கள் எரியும் புகையும், ஈயத்தின் நுண்தூசியும் குடும்பம் குடியிருக்கும் அதே அறைக்குள் சுழல்கின்றன. அலசிய நீரும் கரிய சாம்பலும் ராம்கங்கை நதியில் சேர்ந்தன. அதன் கரையில் இந்தக் கழிவைக் கொட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் உத்தரவிட்டது.

இவ்வளவு சேதத்துக்கும் ஈடாகப் பொன்னாவது முழுமையாகக் கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை என்பதே என் மனத்தை மிகவும் வருத்தும் விஷயம். பெங்களூரில் இத்தகைய சிறு பட்டறைகளை ஆராய்ந்தவர்கள், போர்டில் இருந்த பொன்னில் ஏறக்குறைய கால் பங்கே கைக்கு வந்ததாகக் கண்டார்கள். அதே போர்டு பெரிய உலைக்குப் போயிருந்தால் 95 சதவீதம் வந்திருக்கும்.

அந்தப் பெரிய உலைகளில் ஒன்று பெல்ஜியத்தில், ஆன்ட்வெர்ப் நகரை அடுத்த ஹோபோகனில் இருக்கிறது. பொடித்த போர்டுகள் 1,200 டிகிரி அளவில் கொதிக்கும் உலைக்குள் விழும்போது அவற்றின் பிளாஸ்டிக்கே விறகாகி எரிகிறது. உருகிய செம்பு, பொன்னையும் வெள்ளியையும் பல்லேடியத்தையும் தன்னுள் வாங்கிக்கொண்டு அடியில் இறங்க, மேலே கசடு மிதக்கிறது. பின்பு செம்பைக் கரைத்து மின்சாரத்தின் உதவியால் தூய தகடாகப் பிரித்தெடுத்தபின், எஞ்சிய வண்டலிலிருந்து அரிய உலோகங்களை ஒவ்வொன்றாக மீட்கிறார்கள். அங்கே மீட்பவை மொத்தம் 17 உலோகங்கள். புகையை வெளியே விடுமுன் குளிர்வித்து வடிகட்டுகிறார்கள். இந்த ஆலையையும் குற்றமற்றதென்று நான் சொல்ல மாட்டேன்: சுற்றுப்புறக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததால், அடுத்துள்ள வீடுகளை விலைக்கு வாங்கி அங்கே மரம் வளர்க்க ஆலையே முன்வர நேர்ந்தது. ஆனால் அங்கே இரத்தத்தைச் சோதிக்க ஆள் இருக்கிறார்கள். சோதனையின் முடிவுக்குப் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார். மொராதாபாத்தின் அறைக்குள் இருமும் பெண்ணுக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2012-லேயே விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள புதிய விதிகள், பொருளைச் செய்து விற்றவரே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்பதை மேலும் இறுக்கமாக வகுத்திருக்கின்றன. இருந்தும் கழிவின் பெரும்பகுதி பழைய வழியிலேயே செல்வதன் காரணம் எளிது: வாசலுக்கு வந்து கையில் காசு கொடுத்து வாங்குபவர் அந்த வண்டிக்காரர் ஒருவரே. அவரை விரட்டிவிட்டால் சேகரிப்பே நின்றுபோகும். பிரிக்கும் தொழிலிலும் சீலம்பூர்த் தொழிலாளிக்கு நிகரான யந்திரம் இல்லை. அரைக்கும் யந்திரம் பொன்னையும் இரும்பையும் பிளாஸ்டிக்கையும் ஒரே பொடியாக்கி, அரிய உலோகத்தில் ஒரு பகுதியைத் தூசியாக இழக்கிறது. பேட்டரியையும் சேர்த்து அரைத்துத் தீப்பிடிப்பதும் உண்டு. ஆகவே கழற்றுவது கையாலும் உருக்குவது உலையாலும் நடக்க வேண்டும் என்பதும், போர்டை உடைக்காமல் முழுதாகக் கொடுப்பவருக்கு, அவர் திராவகத்தில் இட்டுச் சம்பாதிப்பதை விடக் கூடுதலான விலையை உலைக்காரர் தர வேண்டும் என்பதுமே எனக்குச் சரியாகத் தோன்றும் வழி. கால் பங்குக்கும் 95 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்திலேயே அந்தக் கூடுதல் விலைக்கு இடம் இருக்கிறது.

உலையாலும் இயலாதது ஒன்று உண்டு. டாண்டலமும் நியோடிமியமும் அந்த வெப்பத்தில் செம்போடு இறங்காமல் கசடோடு கலந்து, மீட்க வழியின்றிப் போய்விடுகின்றன. உலகில் வெட்டியெடுக்கும் நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களில் மறுசுழற்சியால் திரும்பி வருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பழைய ஒலிபெருக்கியின் அந்தச் சிறு காந்தம் உலைக்குள் போகுமுன்பே கழற்றித் தனியே ஒரு டப்பாவில் போடத்தக்கது. அதைக் கழற்ற ஒரு திருப்புளியும், அதைப் பிடித்துப் பழகிய கையும் போதும்.