பெயர் வைக்காத மழை

ஹைதராபாதின் லோத்குண்டா வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் வரும் தமிழர்களில் எத்தனை பேர் அந்தப் பெயருக்குப் பொருள் கேட்டிருப்பார்கள்? தெலுங்கில் 'லோத்து' என்றால் ஆழம், 'குண்ட' என்றால் குட்டை. இந்த ஊரில் குண்டா, செருவு (ஏரி) என்று முடியும் பேட்டைகளுக்குக் குறைவில்லை. தண்ணீர் எங்கே வந்து நிற்கும் என்பதை ஊர்ப் பெயரிலேயே எழுதி வைத்தார்கள் முன்னோர். நாமோ, கடல் இல்லாத ஊரில் புயல் எங்கே வரப்போகிறது என்று நிம்மதியாக இருக்கிறோம்.

'சைக்ளோன்' என்ற ஆங்கிலச் சொல் பிறந்ததே நம் நாட்டில்தான். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், மாலுமிகளுக்காக 1848இல் வெளியிட்ட கையேட்டில் அதைப் பரப்பினார். பாம்பு சுருண்டு கிடப்பதைச் சொல்லும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. 1789இல் காக்கிநாடா பக்கத்துக் கோரிங்காவைக் கடல் புகுந்து அழித்த கதையும் அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று.

தமிழில் 'புயல்' வந்த வழி வேறு. பழந்தமிழில் அது மேகம், மழை. திருமாலைப் 'புயல்வண்ணன்' என்றால் கார்மேக நிறத்தான் என்றுதான் பொருள். பிற்பாடுதான் அது காற்றைச் சுமக்க ஆரம்பித்தது. மழையைக் குறித்த சொல்லைக் காற்றுக்குத் தாரைவார்த்தது நமக்கு நஷ்டம் என்பேன்.

ஏனென்றால் வானிலைத் துறையின் கணக்கு முழுக்கக் காற்றில் இருக்கிறது. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல். அப்போதுதான் பெயர் சூட்டுவார்கள். அதற்குக் கீழே 50 வரை 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்'. கேட்கும்போதே கொட்டாவி வருகிற பெயர்.

2020 அக்டோபர் 13 காலை காக்கிநாடா அருகே கரை கடந்தது அப்படிப்பட்ட ஒன்றுதான். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. அன்றிரவு அது ஹைதராபாத் மேல் கொட்டித் தீர்த்தது. பேகம்பேட்டையில் ஒரே நாளில் சுமார் 19 சென்டிமீட்டர். நகரின் அக்டோபர் மாத வரலாற்றில் அதுவரை காணாத அளவு. தெருவில் நின்ற கார்கள் மிதந்து போயின. சுவர் இடிந்தும் வெள்ளத்தில் சிக்கியும் பலர் இறந்தார்கள். பழைய ஏரிகளுக்கு மட்டும் தங்கள் இடம் மறக்கவில்லை.

1908 செப்டம்பர் 28இல் மூசி ஆறு பொங்கியபோது இந்த நகரம் இதைவிடக் கொடுமையைப் பார்த்தது. அன்று அஃப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் பிழைத்தார்கள். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அந்த மரத்தை இன்னும் காட்டுகிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா வந்து திட்டம் தந்தார். உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் எழுந்தன.

ஆகவே லோத்குண்டாவாசிகளே, அடுத்த முறை செய்தியில் 'புயல்' என்ற சொல் வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். 'அதி கனமழை' என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல். அது காதில் விழுந்ததுமே கீழ்த்தளத்தில் நிற்கும் வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.