மீண்டும் தருபவர் யார்?
வீட்டுத் தாள்களை ஒழுங்குபடுத்த ஒரு கேள்வி

நம் இல்லங்களில் பணத்தைவிட வேகமாகச் சேர்வது தாள்தான். மின்கட்டண ரசீது, பள்ளிக் கட்டண ரசீது, மருத்துவச் சீட்டு, வங்கிக் கடிதம், திருமண அழைப்பிதழ் என்று நாள்தோறும் ஏதேனும் ஒன்று வீட்டுக்குள் வருகிறது. எறியவும் மனம் வருவதில்லை. அடுக்கி வைக்கவும் நேரம் கிடைப்பதில்லை. ஆகவே அவை டிரங்குப் பெட்டியிலும், பரண்மேலும், மஞ்சள் பைகளிலும் குவிகின்றன. தேவைப்படும் நாளில் வேண்டிய தாள் மட்டும் கிடைப்பதில்லை.

தாள்களைப் பிரிக்க முற்படுவோர் பெரும்பாலும் "இது பழையதா, புதியதா?" என்றே பார்க்கின்றனர். பழையதை எறிந்து புதியதைக் காப்பது இயல்பாகத் தோன்றும். ஆயினும் அது சரியான அளவுகோல் அன்று. "இத்தாள் தொலைந்தால் இதை மீண்டும் நமக்குத் தருபவர் யார்?" என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. இக்கேள்வியின் அருமையைக் கோலார் தங்கவயல் வாழ் குடும்பங்களைவிட நன்கு உணர்ந்தவர் இருக்க இயலாது.

தந்த நிறுவனம் இல்லை, தாள் மட்டும் உள்ளது

தங்கவயலில் 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியது. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் வசமாயின. 1962-இல் மத்திய அரசிடம் சென்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 28.2.2001 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களில், பாட்டனார் ஒரு நிர்வாகத்திலும் தந்தையார் வேறொரு நிர்வாகத்திலும் பணியாற்றியிருப்பர். அவர்கள் பெற்ற தாள்களை மீண்டும் எழுதித் தரும் அலுவலகம் இன்று முன்போல் இயங்கவில்லை.

ஆகவே பணிச் சான்றிதழ், ஊதியச் சீட்டு, வருங்கால வைப்புநிதிச் சீட்டு, பணிக்கொடை மற்றும் விருப்ப ஓய்வுக் கணக்குத் தாள், குடியிருப்பு ஒதுக்கீட்டு ஆணை, சுரங்கத் தூசியால் வந்த நுரையீரல் நோய் குறித்த மருத்துவமனைப் பதிவு ஆகியவை எவ்வளவு மங்கியிருந்தாலும் பாதுகாக்கப்பட வேண்டியவை. தந்தையார் மறைந்தபின் தாயாருக்குக் குடும்ப ஓய்வூதியம் கோரும்போது, பணியாளர் எண்ணும் வைப்புநிதிக் கணக்கு எண்ணும் உள்ள ஒரு சிறு சீட்டு பல மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

பாட்டனாரின் பணிச் சான்றிதழ் பேரப்பிள்ளையின் படிப்புக்கும் உதவக்கூடும். பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் 10.8.1950. வேறு மாநிலத்திலிருந்து வந்த குடும்பங்கள் சாதிச் சான்றிதழ் கோரும்போது, அந்நாளில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வசித்தது என்ற கேள்வி எழும். அதற்கு முன்பே பாட்டனார் இங்கே பணியில் சேர்ந்தார் என்று காட்டும் தாள், அச்சமயம் வலிய சான்றாகும். பழைய தாள் என்று கருதி அதனை எறிந்துவிட்டால் வேறெங்கும் பெற இயலாது.

பெயர் வேறுபாடும் இங்கே கருதத்தக்கது. நம் பகுதியில் பணித் தாள்கள் ஆங்கிலத்திலும், ரேஷன் அட்டை கன்னடத்திலும், திருமண அழைப்பிதழ் தமிழிலும் இருக்கும். ஒருவரே ஓரிடத்தில் முனுசாமி, வேறிடத்தில் முனிசாமி, மற்றோரிடத்தில் முனியசாமி ஆகிவிடுகிறார். பழைய தாள்களில் பங்காரப்பேட்டை தாலுகா என்றும், புதியவற்றில் கே.ஜி.எஃப். தாலுகா என்றும் முகவரி இருக்கும். இருவரும் ஒருவரே, இரண்டும் ஓர் இடமே என நிறுவ, இடைக்காலத்துத் தாள்கள் துணை நிற்கின்றன. பதிவு செய்யப்படாத பழைய திருமணங்களுக்கு அழைப்பிதழும் புகைப்படமும்கூடத் துணைச் சான்றாகலாம்.

மூன்று பிரிவுகள்

மேற்கண்ட கேள்வியைக் கொண்டு வீட்டுத் தாள்கள் அனைத்தையும் மூன்றாகப் பிரிக்கலாம்.

முதற்பிரிவு, மீண்டும் கிடைக்காதவை. மேலே கூறிய சுரங்கத் தாள்கள், சொத்தின் மூலப் பத்திரங்கள், உயில், கல்விச் சான்றிதழ்களின் மூலப்படிகள், பழைய ரேஷன் அட்டை ஆகியன இதில் அடங்கும். இவற்றுள் கல்விச் சான்றிதழ் போன்றவற்றுக்கு நகல் பெற வழியுண்டு. ஆயினும் காலமும் செலவும் மிகுதி.

இரண்டாம் பிரிவு, மீண்டும் எளிதில் கிடைப்பவை. ஆதார், பான், வாகனப் பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றை 2015-இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரில் பெறலாம். வில்லங்கச் சான்றிதழைக் கர்நாடக அரசின் காவேரி இணையதளத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். வங்கிக் கணக்கு அறிக்கையைக் கிளையிலோ கைப்பேசிச் செயலியிலோ பெறலாம். இவற்றின் பத்துப் பத்து நகல்களைச் சேர்த்து வைக்கத் தேவையில்லை.

மூன்றாம் பிரிவு, பயன் முடிந்தவை. ஏ.டி.எம். சீட்டைப் பாஸ்புத்தகத்தோடு ஒப்பிட்டபின் எறியலாம். மின்கட்டண ரசீதுகளில் கடைசி ஓராண்டினுடையவை போதும். வருமான வரி தொடர்பான தாள்களை ஏழாண்டுகள் வைத்திருப்பது பாதுகாப்பு. பிறர் தந்த காசோலை ஏதேனும் பெட்டியில் கிடந்தால் அதன் தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் கடந்த காசோலையை வங்கியில் செலுத்த இயலாது.

எறியுமுன் வங்கித் தாள்களைக் கவனியுங்கள்

பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது பழைய பாஸ்புத்தகமும் வைப்பு ரசீதும் வெளிப்படும். அட்டையில் உள்ள வங்கியின் பெயர் இன்று வழக்கில் இல்லையே என்று அவற்றை ஒதுக்க வேண்டாம். மைசூர் ஸ்டேட் வங்கி 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியுடனும், விஜயா வங்கி 2019-இல் பாங்க் ஆஃப் பரோடாவுடனும், சிண்டிகேட் வங்கி 2020-இல் கனரா வங்கியுடனும் இணைந்தன. பெயர் மாறினாலும் வைப்புத் தொகைக்கான பொறுப்பு இணைந்த வங்கியைச் சேரும்.

பத்தாண்டுகள் இயக்கப்படாத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதியம் ஒன்றுக்கு மாற்றப்படுகின்றன. அதன் பின்னரும் உரியவரோ வாரிசோ அந்த வங்கியிடமே கோரிப் பெறலாம். இத்தகைய வைப்புகளைத் தேடிக் கண்டறிய ரிசர்வ் வங்கி 2023-இல் உத்கம் என்னும் இணையதளத்தைத் தொடங்கியுள்ளது.

வீட்டுக் கடன் முடித்தவர்கள் தம் பெட்டியில் மூலப் பத்திரம் திரும்பியுள்ளதா என்று பாருங்கள். கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் பத்திரங்களைத் திருப்பித்தர வேண்டும் என்பதும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு உண்டு என்பதும் 1.12.2023 முதல் நடைமுறையில் உள்ள விதி.

வைக்கும் முறை

ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான்கு உறைகள் போதும்: பணியும் ஓய்வூதியமும், வீடும் நிலமும், வங்கியும் காப்பீடும், பிறப்பு, கல்வி, திருமணம். ஒவ்வோர் உறையின் மேலும் உள்ளிருப்பவற்றின் பட்டியலை எழுதுங்கள்.

பழைய தாள்களை லேமினேஷன் செய்யாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் தாள் கிழியும். முத்திரையையும் மையையும் சரிபார்க்கவும் இயலாது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் மடிக்காமல் இடுவதே நலம். வெப்ப அச்சில் வரும் ரசீதுகள் சில மாதங்களில் வெளுத்துவிடும். தேவையானவற்றை உடனே ஜெராக்ஸ் எடுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வைத்தால் கரையானும் ஈரமும் அண்டா. முதற்பிரிவுத் தாள்களைப் படமெடுத்து, வெளியூரில் வாழும் பிள்ளை ஒருவரிடமும் ஒரு படி இருக்கச் செய்யுங்கள்.

கணக்கு எண்ணும் கையொப்பமும் உள்ள தாள்களை அப்படியே பழைய பேப்பர் கடைக்குக் கொடுக்க வேண்டாம். கிழித்து, நீரில் ஊறவைத்துப் பின்னர் எறியுங்கள். எவருக்கேனும் ஆதார் நகல் தரும்போது அதன்மேல் தேதியையும் காரணத்தையும் குறுக்கே எழுதித் தாருங்கள்.

இறுதியாக, ஒரே தாளில் குடும்பத்தின் கணக்குகள், காப்பீடுகள், ஓய்வூதிய ஆணை எண், நியமனதாரர் விவரம் ஆகியவற்றை எழுதி, அது எங்குள்ளது என்பதைத் துணைவருக்கும் சொல்லிவையுங்கள். கடவுச்சொல்லும் ரகசிய எண்ணும் அதில் வேண்டா. வங்கிப் பணியில் நாம் அடிக்கடி காண்பது இதுதான்: கணவர் அனைத்தையும் ஒழுங்காக வைத்திருந்தும், எங்கே வைத்தார் என்று மனைவி அறியாமையால் உரிமைத் தொகை காத்துக் கிடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வீட்டின் மூத்தவரை அருகில் அமர்த்திக்கொண்டு இப்பணியைத் தொடங்குங்கள். எந்தத் தாள் எதற்காக வந்தது என்பதை அவரே அறிவார். அவர் சொல்லச் சொல்ல உறையின்மேல் குறித்துக்கொள்ளுங்கள். ஐயம் எழும் வங்கித் தாள்களை எறியாமல் நம் கிளைக்கு எடுத்து வாருங்கள். பார்த்துச் சொல்ல நாம் காத்திருக்கிறோம்.