மூன்றரை ஆண்டுக் காத்திருப்பு

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாத குழந்தை. பேசிய நாலு வார்த்தையையும் விட்டுவிட்ட குழந்தை. நம் ஊர்ப் பக்கம் இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கும். 'ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்', 'காத்து கருப்பு பட்டிருக்கும்', 'வளர்ப்பு சரியில்ல'. இதில் மூன்றாவது பதில் காலனிப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே கிடைத்துவிடுகிறது.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. வளர்ப்பால் வருவதல்ல. ஆனால் அதை யாருக்கு, எந்த வயதில் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில் சமூகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவம் இதற்குச் சாட்சி.

1943-ல் பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கானர், ஆட்டிசம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அதில் 11 குழந்தைகள். 8 ஆண், 3 பெண். எல்லோரும் வெள்ளையர். எல்லோரும் அறிவாளிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்று அவரே எழுதினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட நிபுணரிடம் பிள்ளையைக் கொண்டுபோக யாரால் முடிந்திருக்கும்? அதை யோசிக்காமல், 'படித்த, வசதியான வீடுகளில் வருவது' என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

பிலடெல்பியாவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்த குழந்தைகளைப் பற்றி 2002-ல் ஓர் ஆய்வு வந்தது. வெள்ளைக் குழந்தைகளுக்குச் சராசரியாக 6.3 வயதில் ஆட்டிசம் கண்டறியப்பட்டது. கறுப்பினக் குழந்தைகளுக்கு 7.9 வயதில். ஒரே ஊர், ஒரே காப்பீடு. 'இதெல்லாம் வறுமைங்க, சாதி இல்ல' என்று நம்மிடம் சொல்வார்களே, அந்த வாதம் அங்கே எடுபடவில்லை. அதே நகரில் நடந்த அடுத்த ஆய்வில், பல கறுப்பினக் குழந்தைகளுக்கு முதலில் 'நடத்தைக் கோளாறு' போன்ற முத்திரைகளே குத்தப்பட்டது தெரிந்தது. நோட்டம் ஒன்றுதான்: அடங்காத பிள்ளை.

பெற்றோர் கவனிக்கவில்லையா? 2020-ல் வெளியான ஆய்வு 584 கறுப்பினக் குழந்தைகளைப் பார்த்தது. பெற்றோருக்கு முதல் சந்தேகம் வந்து, சராசரியாக 42 மாதம் கழித்தே ஆட்டிசம் என்ற பதில் கிடைத்தது. மூன்றரை ஆண்டு! பேச்சுப் பயிற்சிக்கு உகந்த வயது அதற்குள் பெரும்பாலும் போய்விடுகிறது.

தேடினால் நிலைமை மாறும் என்பதும் அங்கேயே தெரிந்தது. அமெரிக்க அரசு 8 வயதுக் குழந்தைகளிடையே தொடர்ந்து கணக்கெடுக்கிறது. நெடுங்காலம் வெள்ளைக் குழந்தைகளே அதிகம் இருந்த பட்டியல், 2020-ம் ஆண்டுக் கணக்கில் முதல்முறையாகத் தலைகீழானது. ஆயிரத்துக்கு வெள்ளையர் 24.3, கறுப்பினத்தவர் 29.3. புதிதாக நோய் பரவிவிடவில்லை. விடுபட்டவர்கள் கண்ணில் படத் தொடங்கினார்கள். இனவாரியாக எண்ணியதால்தான் இதுவே தெரிந்தது. 1990 முதல் 2017 வரை வந்த ஆட்டிசம் பயிற்சி முறை ஆய்வுகளில் 1,013-ஐ அலசியபோது, குழந்தைகளின் இனத்தைக் குறிப்பிட்டவை கால்பங்கு மட்டுமே.

நம் நாட்டில்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் மொத்தத்தில் 2.21 சதவீதம், பட்டியல் சாதியினரில் 2.45. ஆனால் அந்தப் படிவத்தின் எட்டு வகைகளில் ஆட்டிசத்துக்குத் தனி இடம் இல்லை. 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் அது உண்டு. அடுத்த கணக்கில் அந்த 21-ஐயும் சாதிவாரியாக வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை நடமாடும் மருத்துவக் குழு வரும். சந்தேகத்தை அவர்களிடம் சொல்லி, மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் சந்தேகம் வந்த தேதியை ஒரு நோட்டில் குறித்து, கையோடு கொண்டுபோங்கள்.