பிறமொழிச் சிறார்க்குச் சுகாதாரம் கற்பித்தல்

கல்லூரி இளைஞர் சிலர் விடுமுறைக் காலத்தில் அயல்நாடு சென்று, ஆங்குள்ள சிறுவர் முகாம்களில் கை கழுவுதல், பல் துலக்குதல், தூய நீர் பருகுதல் முதலிய சுகாதார நெறிகளைக் கற்பித்து வருகின்றனர். இத்தொண்டு பாராட்டற்குரியதே. ஆயினும், சின்னாளே தங்குவோர் வேற்றுமொழிச் சிறார்க்குப் புகட்டும் பாடம் எங்ஙனம் நிலைபெறும் என்னும் வினா எழாமற் போகாது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1847ஆம் ஆண்டில், அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் இளம் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் அவர் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலங் கற்றோர் உத்தியோகம் நாடிப் பிற ஊர்களுக்குச் செல்வதையும், தமிழிற் கற்போரே தம் ஊரில் தங்கி மக்கட்குப் பயன்படுவர் என்பதையும் உணர்ந்து, 1864 முதல் தமிழிலேயே பாடஞ் சொல்லலானார். உடற்கூறு, இரண வைத்தியம் முதலிய துறை நூல்களை மாணாக்கர் துணைகொண்டு தமிழாக்கினார். 1873இல் அவர் தாய்நாடு திரும்பிய பின்னரும் அவர் கற்பித்தவை ஈழத்தில் நின்றன. வந்தவர் போயினும் பாடம் போகாதிருத்தற்குக் காரணம், அது கேட்போர் மொழியில் அமைந்தமையேயாம்.

மொழி மட்டும் போதுமோ? கற்றது மனத்தில் நின்றதா என்று காண்டலும் வேண்டும். வங்காளதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980ஆம் ஆண்டில் ஒரு பெரும்பணியைத் தொடங்கிற்று. வயிற்றுப்போக்கால் குழந்தைகள் மாள்வது உடலின் நீரும் உப்பும் வற்றுதலாலாம். இனிப்பும் உப்பும் அளவோடு கலந்த நீரைப் பருகின், அவ்வினிப்பு குடலில் உப்பையும் நீரையும் உடன்கொண்டு உடலிற் சேர்க்கும். ஆதலின் மூவிரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச்சேர் நீர் என்னும் எளிய அளவினை அந்நிறுவனத்துப் பெண்கள் வீடுதோறும் சென்று தாய்மார்க்குக் கற்பித்தனர். பத்தாண்டுகளில் 1 கோடியே 20 இலட்சம் வீடுகளுக்கு மேல் அப்பாடம் சென்றது. இதிற் பெரிதும் கருதத்தக்கது யாதெனில், கற்பித்தவர் பெற்ற ஊதியம் அவர் சென்ற வீடுகளின் தொகையை மட்டும் பற்றியதன்று. பின்னர் வேறொருவர் சென்று வினவுங்கால் தாய்மார் எவ்வளவு நினைவு கொண்டிருந்தனர் என்பதைப் பற்றியது.

இனி, யாரைக் கொண்டு கற்பித்தல் நலம்? 1978இல் இலண்டனில் ஹியூ ஹாஸ், டேவிட் மார்லி என்னும் இருவர் வகுத்த முறையொன்று உண்டு. தம்பி தங்கையரைப் பேணும் மூத்த பிள்ளைகட்கே சுகாதாரத்தைக் கற்பித்து, அவர் வாயிலாக இளையார்க்கும் வீட்டார்க்கும் அதனைச் சேர்ப்பிப்பது அம்முறை. முகாம் கலைந்த பின்னும் அவ்வாசிரியர் வீட்டிலேயே இருப்பர் அன்றோ?

இவற்றையெல்லாம் அயல்நாட்டுச் செய்தி என்று நாம் ஒதுக்கல் வேண்டா. நம் கொங்கு நாட்டில், அன்னூர் வட்டாரத்து நூற்பாலைகளில் பீகார், ஒடிசா முதலிய வடமாநிலத்தார் வந்து உழைக்கின்றனர். அவருட் குடும்பத்தோடு வந்தாருடைய சிறார்க்குத் தமிழ் வேற்றுமொழி. நமக்கோ அவர்தம் மொழி வேற்றுமொழி. கிறீன் யாழ்ப்பாணத்தில் நின்ற நிலையிலேயே நாம் இங்கு நிற்கின்றோம். கடல் கடவாமலே அயல்நாட்டுத் தொண்டு நம் வாயிற்கண் வந்துள்ளது.

1969இல் தோன்றிய நாட்டு நலப்பணித் திட்டத்தின்படி ஏழுநாள் முகாம்களுக்குச் செல்லும் நாம், வந்தோர் தொகையையும் எடுத்த புகைப்படங்களையும் கொண்டே முகாமின் வெற்றியைக் கணித்தல் தகாது. செல்லுமுன் அச்சிறாரின் மொழியில் நீர், உப்பு, கை, வயிறு என்னும் சொற்களையேனும் கற்றுக்கொள்வோம். அவருள் மூத்த பிள்ளைகளை ஆசிரியராக்குவோம். திங்களொன்று கழிந்தபின் மீண்டுஞ் சென்று, அவர் நினைவில் நின்றது யாது என வினவுவோம். தம்பிக்கு வயிற்றுப்போக்கு நேர்ந்த இரவில் ஒரு சிறுமி அஞ்சாது செய்ய வேண்டியதைச் செய்வாளாயின், அதுவே நம் முகாமின் பயன். அப்பயனை நாடி முற்படுவோமாக.