ப்ளூ டிக் வந்தும் பதில் வரலையா? பதறும் மனசுக்குப் பின்னால் இருக்கும் பழைய கதை!

மெசேஜ் போய்விட்டது. ப்ளூ டிக்கும் வந்துவிட்டது. பதில் மட்டும் வரவில்லை. பத்து நிமிஷத்தில் நெஞ்சு படபடக்கிறது. அரை மணி நேரத்தில் 'நம்மள விட்டுட்டுப் போயிடுவாங்க' என்று மனசு முடிவே கட்டிவிடுகிறது. அடுத்து கோபம், சண்டை, பிளாக். மறுநாள் காலையில் 'ஏன்தான் இப்படிப் பண்றேனோ' என்று வருத்தம். ஆள் மாறினாலும் இந்தக் கதை மட்டும் மாறுவதில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? அந்த 'ஏன்' என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் போகும் பேச்சு சிகிச்சைதான் சைக்கோடைனமிக் தெரபி.

'சாயங்காலம் வந்துடுறேன்!'

ஓர் உதாரணத்துக்கு, கற்பனையாக ஓர் இளைஞரை வைத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் வெளி மாநிலத்துக்குத் தோட்ட வேலைக்குப் போக வேண்டிய நிலை. ஆறு வயதுப் பையனை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்கிறார்கள். அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த, 'சாயங்காலம் வந்துடுறேன் சாமி' என்று சொல்லிவிட்டுப் போன அம்மா, பொங்கலுக்குத்தான் வந்தார்.

இதில் யார் மேலும் தப்பில்லை. அந்த விடுதி இல்லையென்றால் அவருக்குப் படிப்பே இல்லை. ஆனால், அந்தக் குழந்தை மனசு ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டது: 'வரேன்னு சொல்றவங்க வர மாட்டாங்க.'

இப்போது அவருக்கு 24 வயது. கோவையில் வேலை. 'ஹாஸ்டல் லைஃபா? செம ஜாலியா இருந்துச்சு' என்றுதான் சொல்வார். பொய் இல்லை, வலித்த பகுதியை மனசு மூடி வைத்திருக்கிறது. இப்படி மூடி வைப்பதைத் தற்காப்பு உத்தி என்கிறது உளவியல். மூடி வைத்தது ஆழ்மனதில் அப்படியே இருக்கிறது. ப்ளூ டிக் வந்து பதில் வராதபோது பதறுவது 24 வயது இளைஞர் அல்ல, வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆறு வயதுப் பையன்.

வியன்னா முதல் கொல்கத்தா வரை

இதன் வேர், வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு தொடங்கிய உளப்பகுப்பாய்வு. 'மனம்விட்டுப் பேசினால் நோயின் பிடி தளர்கிறது' என்பதை அவரும் மருத்துவர் ஜோசப் பிராயரும் 1895-ல் புத்தகமாக எழுதினார்கள். 'நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசு' என்று நினைக்க வேண்டாம். கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் கொல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய ஆண்டு 1922. ஃபிராய்டோடு பல வருடம் கடிதத்தில் விவாதித்தவர் அவர். 1931-ல் ஃபிராய்டின் 75-வது பிறந்தநாளுக்கு அந்தச் சங்கம் தந்தத்தால் ஆன விஷ்ணு சிலையை அனுப்பியது.

அந்தக் கால உளப்பகுப்பாய்வில் சோபாவில் படுத்துக்கொண்டு வாரத்துக்கு நான்கைந்து நாள் பேச வேண்டும். அதிலிருந்து எளிமையாக வளர்ந்ததுதான் இன்றைய சைக்கோடைனமிக் தெரபி. நேருக்கு நேர் உட்கார்ந்து, பெரும்பாலும் வாரம் ஒரு முறை பேசினால் போதும்.

உள்ளே என்ன நடக்கும்?

ஒரு முறை போனால் சுமார் 50 நிமிடம். கூடுமானவரை ஒவ்வொரு வாரமும் அதே நாள், அதே நேரம். 'இன்னிக்கு என்ன தோணுதோ பேசுங்க' என்பார் தெரபிஸ்ட். ஆபீஸ் சண்டை, நேற்றைய கனவு, சம்பந்தமே இல்லாமல் ஞாபகம் வந்த பள்ளிக்கூட மணி... எதை வேண்டுமானாலும் பேசலாம். அவர் குறைவாகத்தான் பேசுவார். 'இதைப் பண்ணு, அதைப் பண்ணாதே' என்ற அட்வைஸ் பெரும்பாலும் வராது. ஆரம்பத்தில் 'காசு குடுத்து நானே பேசிட்டு வரேனே' என்று எரிச்சல்கூட வரலாம். அந்த எரிச்சலையும் அங்கேயே சொல்லலாம்.

இந்தச் சிகிச்சையின் முக்கியமான கட்டம் ஒன்று உண்டு. நம் இளைஞரின் தெரபிஸ்ட் இரண்டு வாரம் லீவு என்கிறார். 'ஓகே, நோ பிராப்ளம்' என்று சிரித்துவிட்டு வருகிறார். லீவு முடிந்த பிறகு, 'இனி வர மாட்டேன்' என்று மெசேஜ் போடுகிறார். அதே கதை, இந்த முறை தெரபிஸ்ட்டோடு! பழைய உறவில் பிறந்த உணர்வை இன்றைய ஆள் மேல் ஏற்றுவதற்கு, டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். வெளியே என்றால் இது பிளாக்கில் முடிந்திருக்கும். இங்கே தெரபிஸ்ட் கோபப்படாமல், 'வந்து அதைப் பத்திப் பேசலாமா?' என்கிறார். விட்டுப்போகாத ஒருவரோடு அந்தப் பயத்தைப் பேசிப் பார்ப்பதுதான் மருந்து.

எவ்வளவு நாள் ஆகும்?

நாலு மாதம், ஆறு மாதத்தில் முடிகிற குறுகிய வகையும் உண்டு; ஒரு வருடத்துக்கு மேல் போவதும் உண்டு. நடுவில் சில வாரம் மனசு முன்பைவிடக் கனமாக இருக்கலாம். மூடியதைத் திறக்கும்போது அது சகஜம்தான், ஆனால் தாங்க முடியவில்லை என்றால் தெரபிஸ்ட்டிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

'இது உண்மையிலேயே வேலை செய்யுமா?' நியாயமான கேள்விதான். அமெரிக்க உளவியலாளர் ஜொனாதன் ஷெட்லர் 2010-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்தச் சிகிச்சையின் பலன் சிகிச்சை முடிந்த பிறகும் வளர்கிறது என்று எழுதினார். அதேநேரம் சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு ஆய்வு ஆதாரம் இன்னும் அதிகம். லிஃப்ட் பயம், பரீட்சைப் பதற்றம் போன்ற குறிப்பிட்ட ஒரு பிரச்னைக்கு அது வேகமாகக் கைகொடுக்கும். 'ஒவ்வொரு உறவும் ஒரே மாதிரி உடையுது' என்பவர்களுக்கு சைக்கோடைனமிக் பொருத்தமாக இருக்கலாம்.

தற்கொலை எண்ணம், காதில் குரல் கேட்பது, விட முடியாத குடி என்றால் முதலில் மனநல மருத்துவர். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தெரபி தொடங்கிவிட்டோம் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எங்கே போவது?

உள்ளதைச் சொல்லிவிடுவோம். இந்த முறையில் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். வெள்ளிமலையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் மலையிறங்கி வாராவாரம் போய்வந்தால், ஒரு நாள் கூலி போச்சு. வீடியோ காலில் தெரபி கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் சிக்னல் வேண்டும், யார் காதிலும் விழாமல் பேச ஓர் இடமும் வேண்டும்.

முதல் படியாக 14416-க்கு அழையுங்கள். 2022-ல் தொடங்கிய டெலி மனஸ் சேவை இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மாதக்கணக்கில் தெரபி தருவதற்கான இடமல்ல அது. உங்களுக்கு அடுத்து என்ன தேவை என்று வழிகாட்டும். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அரசு மனநலச் சேவையைப் பெறுவது உங்கள் உரிமை. உங்கள் விஷயம் ரகசியமாக இருப்பதும் உரிமைதான்.

தனியாரிடம் போனால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா, இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கா? சைக்கோடைனமிக் முறையில் எங்கே பயிற்சி எடுத்தீங்க? எவ்வளவு நாள், எவ்வளவு செலவு ஆகும்?' நல்ல தெரபிஸ்ட் இதற்குக் கோபப்பட மாட்டார்.

சிகிச்சை முடிந்த பிறகும் நம் இளைஞருக்கு ப்ளூ டிக்கைப் பார்த்தால் நெஞ்சு கொஞ்சம் படபடக்கத்தான் செய்யும். ஆனால், பிளாக் பட்டனைத் தொடுவதற்கு முன், 'நேத்து நீ பதில் போடலைன்னதும் பயந்துட்டேன்' என்று அவரால் சொல்ல முடியும். ஆறு வயதில் அவர் சொல்லத் தெரியாமல் விழுங்கியதும் அந்த ஒரு வரியைத்தான்.